கல்விக்காகக் கடல் கடப்போரும் குடிவரவு விதிகளும்

கேரளத்திலிருந்து வெளிநாடு செல்வோர் என்றதும் வளைகுடாவில் உழைப்போரே நினைவுக்கு வருவர். திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு 1998 முதல் நடந்துவரும் கேரளக் குடிபெயர்வு ஆய்வு, இப்போது மற்றொரு பிரிவினரையும் முன்னிறுத்துகிறது. 2018-இல் அயல்நாடுகளில் பயின்ற கேரள மாணவர் ஏறத்தாழ 1.29 லட்சம் பேர். 2023-இல் அத்தொகை சுமார் 2.5 லட்சமாயிற்று. குடிபெயர்ந்தோரில் ஒன்பதில் ஒருவர் மாணவர் எனலாம். அவர்களுள் 45 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் பெண்கள்.

உழைப்பாளி வீட்டிற்குப் பணம் அனுப்புகிறார். மாணவருக்கோ வீட்டிலிருந்து பணம் போகிறது. வங்கியில் கடன் பெற்றும், வீட்டை ஈடு வைத்தும் அனுப்பும் குடும்பம் நம்பியிருப்பது பட்டத்தை மட்டுமன்று. பட்டம் பெற்றபின் அங்கேயே பணியாற்றக் கிடைக்கும் அனுமதிக் காலத்தையுந்தான். அக்காலத்தை வரையறுப்பது பல்கலைக் கழகமன்று, அந்நாட்டு அரசு.

கேரள மாணவர் பெரிதும் நாடும் பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். படிப்பிற்குப் பிந்தைய பணி அனுமதியை அந்நாடு 2012-இல் நிறுத்தியது; 2021 ஜூலையில் ஈராண்டு அனுமதியாக மீண்டும் வழங்கியது. 2025 மே மாத வெள்ளையறிக்கையைத் தொடர்ந்து, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைக்கப்படுகிறது. முனைவர் பட்டம் பெற்றோருக்கு மட்டும் மூன்றாண்டு தொடரும்.

ஆறு மாதந்தானே என்று தோன்றக்கூடும். ஆனால் நம் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்குகிறது. ஈராண்டு அனுமதியில், பவுன் ஊதியத்திலிருந்து தவணை செலுத்த ஏறத்தாழ ஓராண்டு கிடைத்தது. இனி அது பாதியே. அதற்குள், விதிக்கப்பட்ட ஊதிய வரம்பை எட்டும் வேலை அமையாதவர் எஞ்சிய கடனை ரூபாய் ஊதியத்தில் அடைக்க நேரும். கடனோ பத்து, பதினைந்து ஆண்டு நீளக்கூடியது.

பிற நாடுகளும் கதவைச் சற்றே சாத்தியுள்ளன. கனடா 2024-இல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக்கியது. தம் விதிகளை மாற்ற அந்நாடுகளுக்கு உரிமை உண்டு. அதில் குறைகாண இடமில்லை. பாதிப் படிப்பில் விதி மாறுவதன் சுமை கடன் வாங்கியவர் மீதே விழுவதுதான் கவலைக்குரியது.

நம் பக்கத்திலும் ஓர் இடைவெளி உண்டு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்குச் செல்வோரைக் கருதி இயற்றப்பட்டது. வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் அதன்படிப் பதிவு பெறவேண்டும். மாணவரைச் சேர்த்துவிடும் முகவரை அச்சட்டம் தொடுவதில்லை. ஆகவே, அனுமதிக் காலம் முடியும் நாளையும் முதல் தவணை நாளையும் அருகருகே எழுதிப் பெற்றோருக்குக் காட்டும் பணியைக் கடன் வழங்கும் வங்கியே மேற்கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.