உடற்சூடும் ஊரின் கணக்கும்
(படப்பையில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஆற்றிய சொற்பொழிவு)



ஏரி, மதகு, சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் பெரும்பாலும் கூடுகிறோம். இன்று, வீடுதோறும் இருந்தும் வெளியில் பேசப்படாத ஒரு துன்பத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு உண்டாகும் உடற்சூடும், அதனை மருத்துவச் சீட்டில் எவ்வாறு பதிய வேண்டும் என்பதுமே நமது பொருள். இது பெண்கள் சமாசாரம் என்று ஆண்கள் ஒதுங்க வேண்டியதில்லை. நாற்று நடுபவரும் களை எடுப்பவரும் பெண்களே. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்து ஏறுபவர்களிலும் பெண்கள் உண்டு. அவர்கள் உறக்கமின்றி வாடினால் குடும்பமும் வாடும்.

மாதவிலக்கு தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராதிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர் கொள்வர். நம் நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி நிகழ்கிறது. இப்பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர் குறைகிறது. அதனால், மூளையில் உடலின் வெப்பத்தைச் சீராக வைக்கும் பகுதி தடுமாறி, சிறு வெப்பத்தையும் பெரிதாகக் கொள்கிறது. மார்பிலிருந்து முகம்வரை திடீரெனச் சூடு பரவும், வியர்வை பெருகும், நெஞ்சு படபடக்கும், சில நிமிடங்களில் அடங்கிக் குளிர் தோன்றும். சிலருக்கு இது சில மாதங்களில் தீரும். சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கும்.

ஆனால் சூடும் வியர்வையும் இதனால் மட்டுமே வருவன அல்ல. மாலைக் காய்ச்சல், இருமல், உடல் இளைப்பு ஆகியவற்றோடு இரவு வியர்வை கண்டால் அது காசநோயாக இருக்கலாம். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் உடல் சுடும். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் வியர்த்துக் கொட்டும். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளும் முகத்தில் சூட்டை உண்டாக்கும். ஆகவே, “உடம்பு சூடு” என்ற இரு சொற்களைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்ய இயலாது. சீட்டில் “பலவீனம்” என்று மட்டும் எழுதிச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினால், அடுத்த முறை பார்க்கும் மருத்துவருக்கு அதனால் பயனில்லை.

நிலத்திற்குச் சர்வே எண்ணும் உட்பிரிவும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். “ஏரிக்கரை ஓரத்து நிலம்” என்றால் எவர் நிலம் என்று வழக்கு எழும். சர்வே எண்ணைச் சொன்னால் ஐயமில்லை. நோய்களுக்கும் அவ்வாறே எண்கள் உண்டு. 1893-ஆம் ஆண்டில் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இறப்புக் காரணங்களின் பட்டியலை வகுத்தளித்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதனை மேற்கொண்டு, உயிரோடிருப்போரின் நோய்களையும் சேர்த்தது. அதன் பத்தாம் திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

பத்தாம் திருத்தத்தில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தோடு 95 என்ற எண் இப்பருவத்திற்குரியது. அதன் உட்பிரிவு 1, மாதவிலக்கு நிற்பதனால் வரும் உடற்சூடு, உறக்கமின்மை முதலியவற்றைக் குறிக்கும். உட்பிரிவு 3, கருப்பைகளையோ சினைப்பைகளையோ தொட்ட சிகிச்சை போன்ற செயற்கைக் காரணத்தால் மாதவிலக்கு நின்றவரின் துன்பங்களைக் குறிக்கும். உட்பிரிவு 0, மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரப்போக்கு. இது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடுமாதலால் உடனே பரிசோதிக்க வேண்டியது. காரணம் தெளியாத முகச் சூட்டிற்கோ ‘ஆர்’ எழுத்தில் வேறு எண் உண்டு. எண்ணை இடுவது மருத்துவமனையின் வேலை; ஆனால் அவ்வெண் சரியாக அமைவது நோயாளி சொல்வதையும் மருத்துவர் எழுதுவதையும் பொறுத்தது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒரு சொல். மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இளவயதிலேயே கருப்பை அகற்றப்பட்ட செய்தி 2019-இல் நாட்டை உலுக்கியது. தேவையற்ற இத்தகைய சிகிச்சைகளைத் தடுக்குமாறு 2023-இல் உச்ச நீதிமன்றமும் அரசுகளுக்குக் கட்டளையிட்டது. கருப்பையோடு இரு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் சுரப்பு நீர் ஒரே நாளில் குறைந்து, சூடு கடுமையாகத் தாக்கும்; எலும்பும் விரைவில் தேயும். ஆகவே எதனை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, அதனைப் பத்திரத்தைப் போலப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

தாய்மார்கள் செய்யத்தக்கது எளிது. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். சூடு தோன்றும்போதெல்லாம் தினக் காலண்டர்த் தாளில் ஒரு கோடு போடுங்கள். உறக்கம் கலைந்த இரவிற்கு ஒரு சுழி போடுங்கள். உண்ணும் மருந்துகள், செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை, இருமல், எடைக் குறைவு, உதிரப்போக்கு ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் மருந்து பலருக்கு நல்ல பலன் தரும். ஆயினும் மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டோ கண்டவர்களுக்குப் பொதுவாக ஆகாது. எனவே அதனைக் கடையில் தாமே கேட்டு வாங்கலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் கடமை உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன்வழி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே சோதிக்கப்படுகின்றன. அவ்வாறு வரும் சுகாதாரப் பணியாளர்களிடம் இத்துன்பத்தையும் சொல்லுமாறு உங்கள் ஊர்ப் பெண்களுக்கு எடுத்துரையுங்கள். இத்தகைய துன்பத்தோடு ஓராண்டில் எத்தனை பேர் வந்தனர் என்ற தொகையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தொகையை மட்டுமே கேட்க வேண்டும். எவருடைய பெயரும் கிராம சபையில் ஒலிக்கலாகாது. ஒருவரும் வரவில்லை என்று பதில் வந்தால், ஊரில் துன்பமில்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஏட்டில் ஏறவில்லை என்று கொள்ளுங்கள்.

அடங்கலில் ஏறாத பயிருக்கு நிவாரணம் கிடைப்பது அரிது. அதுபோலவே, சீட்டில் ஏறாத நோய்க்கு மருந்தும் மருத்துவரும் ஒதுக்கப்படுவதும் அரிது. இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்துப் பெண்களிடம் இதனைப் பேசுங்கள்; அடுத்த முறை சுகாதார நிலையத்திற்கு அவர்களோடு துணையாகச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு எமது உரையை முடிக்கிறோம்.