கரையான் எறும்பல்ல!
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சிவில் இன்ஜினீயருக்கும் பூச்சிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டில் கதவு நிலையைத் தட்டினால் உள்ளே பொள்ளென்று இருக்கும் பாருங்கள், அப்போது புரியும் சம்பந்தம்!

முதலில், பூச்சி என்றால் என்ன? ஆறு கால், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி, ஒரு ஜோடி உணர்கொம்பு. ஆகவே எட்டுக்கால் பூச்சி என்கிறோமே, அந்தச் சிலந்தி இந்தக் கணக்கில் வராது. இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூச்சியினங்கள் சுமார் 10 லட்சம். இவற்றை வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று அடுக்கியிருக்கிறார்கள். 1758-இல் லின்னேயஸ் பூச்சிகளை வரிசை பிரித்தபோது முக்கியமாகச் சிறகைத்தான் பார்த்தார்.

கரையானை ஆங்கிலத்தில் 'வெள்ளை எறும்பு' என்பார்கள். ராணி, வேலைக்காரர், சிப்பாய் என்று கூட்டமாக வாழ்வதால் வந்த குழப்பம். உண்மையில் எறும்புக்குச் சொந்தம் குளவியும் தேனீயும். கரையானுக்குச் சொந்தம் யார் தெரியுமா? நம் சமையலறைக் கரப்பான்! 2007-இல் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதி செய்தது. இன்று கரையான் கரப்பான் வரிசையில்தான் இருக்கிறது.

வளர்ச்சியிலும் வித்தியாசம். எறும்பு முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மாறி எறும்பாகிறது. கரையானுக்குக் கூட்டுப்புழுப் பருவமே கிடையாது. குஞ்சு தோல் உரித்து உரித்து வளரும். எறும்பில் வேலைக்காரர் அனைவரும் பெண்கள். கரையானில் ஆணும் உண்டு. ராணியோடு ராஜாவும் குடியிருப்பார்.

சரி, இதெல்லாம் வீட்டுக்காரருக்கு எதற்கு? மழைக்குப் பின் ஜன்னலோரம் சிறகுகள் உதிர்ந்து கிடந்தால் எடுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே நீளமா? அது ஈசல், அதாவது சிறகு முளைத்த கரையான். முன்சிறகு நீளம், பின்சிறகு குட்டை என்றால் எறும்பு. பூச்சியே கிடைத்தால் இடுப்பைப் பாருங்கள். எறும்புக்கு ஒடுங்கிய இடுப்பு, மடங்கிய கொம்பு. ஈசலுக்கு இடுப்பே தெரியாது; கொம்பு மணி கோத்தாற்போல் நேராக இருக்கும்.

எறும்பென்றால் சிந்திய சர்க்கரையைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. கரையானுக்கு அது போதாது. மண்ணிலிருந்து சுவரோரமாக மண்குழாய் கட்டி ஏறும். குழாயைத் தட்டிவிட்டு வெள்ளையடித்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும். தரையும் சுவரும் சேருமிடத்தில் துளையிட்டு, மண்ணுக்குள் மருந்து செலுத்த வேண்டும். கட்டும்போதே அஸ்திவாரக் குழியிலும் தரை மண்ணிலும் மருந்திட்டால் செலவு குறைவு. முறைகளை ஐ.எஸ். 6313 தரநூல் விளக்குகிறது.

தம்பி தங்கைகளே, வகைப்பாட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பட்டியல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்தக் குடும்பம் என்று தெரிந்தால்தான் எங்கே குடியிருக்கும், எதைத் தின்னும் என்று தெரியும், அப்புறம்தானே வைத்தியம்! இன்ஜினீயரிங் படிப்பவர்கள் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வையுங்கள். விலங்கியல் படித்த நண்பர் ஒருவரையும் சம்பாதித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பயன்படும்.