லையன்ஸ் தேநீர்ச்சாலைகளும் லியோ யந்திரமும்

இலண்டன் மாநகரிலே லையன்ஸ் கம்பனியாரின் தேநீர்ச்சாலைகள் ஒரு காலத்தில் பெரும் பேர் பெற்று விளங்கின. கேக்கும் பாணும் நாட்கணக்கில் வைத்து விற்கத்தக்கன அல்ல. மிஞ்சினால் நட்டம், குறைந்தால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவர். ஆகவே ஒவ்வொரு சாலையும் நாள்தோறும் தன் தேவையைப் படிவத்தில் எழுதியனுப்ப, அவற்றைக் கூட்டுவதே பல லிகிதர்களுக்கு ஓயாத வேலையாயிற்று.

கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் யந்திரத்தை மாதிரியாகக் கொண்டு, அக்கம்பனியார் லியோ என்னும் கணனியைத் தாமே அமைத்தனர். 1951 இல் வெதுப்பகக் கணக்கு அதனிடம் ஒப்புவிக்கப்பட்டது. நாளாந்த வர்த்தக அலுவலிலே கணனி புகுந்தது அதுவே முதன்முறை. பின்னர் சம்பளக் கணக்கும் சேர்ந்தது. ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணிக்க லிகிதருக்கு எட்டு நிமிடம். லியோவுக்கோ ஒன்றரை விநாடி!

ஆயினும், இவ்வேகத்தினும் வியக்கத்தக்கது 1954 இல் வந்த தேநீர்ச்சாலை ஏற்பாடேயாம். ஒவ்வொரு சாலைக்கும் கிழமை நாள் ஒவ்வொன்றுக்கும் உரிய வழக்கமான அளவு முன்னரே துளை அட்டைகளிற் பதிந்திருந்தது. சாலையை நடத்தும் அம்மையார் முழுப் பட்டியலையும் எழுதவேண்டியதில்லை. பிற்பகலில் தொலைபேசி மூலம் மாற்றத்தை மட்டும் அறிவித்தாற் போதும். கேட்டவர் அதனை உடனே அட்டையிற் துளையிடுவார். எவ்வளவு சுடுவது, எந்தச் சாலைக்கு எதனைப் பொதிசெய்வது என்பவற்றை யந்திரம் கணித்து அச்சிடும். நாளை மழை பெய்யுமா, கூட்டம் குறையுமா என்று மதிப்பிடும் பொறுப்பு மட்டும், முன்போலவே, அம்மையாரிடமே இருந்தது.

அந்த முதல் லியோ 1965 வரை உழைத்தது.