எடைக்குப் போகவிருந்த கம்ப்ரசர்

கோவையில் பம்பு செட் வார்ப்படங்களுக்குப் பேட்டர்ன் செய்து கொடுக்கும் சிறிய பட்டறை என்னுடையது. எல்லாவற்றையும் மரத்தில் செதுக்கியது ஒரு காலம். இப்போது ஒன்றைச் செதுக்கி, அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் ரெசின் வார்த்து வேண்டிய அளவு பிரதி எடுத்துவிடுகிறோம்.

இந்த வேலைக்கு ஒரே எதிரி காற்றுக் குமிழ். ரப்பரில் ஹார்டனரைக் கலக்கும்போதே காற்றும் சேர்ந்து புகுந்துவிடும். ஒரு முறை இம்பெல்லர் அச்சைப் பிரித்துப் பார்த்தால், இறக்கைகளின் ஓரமெல்லாம் அம்மைத் தழும்பு போலப் பள்ளம். ஒன்றரைக் கிலோ ரப்பர் போயிற்று. அந்த வாரம் எங்கள் வீட்டுப் பழைய பிரிட்ஜ் எடைக்குப் போவதற்காக வாசலில் நின்றது. பெட்டி துருப்பிடித்திருந்தாலும் கம்ப்ரசர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ரப்பரில் புகுந்த காற்றை இழுத்தெடுக்க அது போதுமே!

கம்ப்ரசர் ஒரு குழாயில் இழுத்து இன்னொரு குழாயில் தள்ளுகிறது. தள்ளுவதை விட்டுவிட்டு, இழுப்பதை மட்டும் நாம் வாங்கிக்கொண்டால் அதுதான் வேக்கம் பம்பு.

கழற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் கேஸைத் திறந்துவிடக் கூடாது. மிகப் பழைய பிரிட்ஜில் ஆர்-12 இருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பது. பின்னால் வந்த ஆர்-134ஏ பூமியைச் சூடாக்கும். இப்போது வரும் ஆர்-600ஏ தீப்பற்றும். ஆகவே கேஸ் எடுக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கை அழையுங்கள். குழாயை டியூப் கட்டரால் அறுக்கச் சொல்லுங்கள், நெருப்பு வேண்டாம்.

கம்ப்ரசரில் மூன்று செம்புக் குழாய்கள் இருக்கும். ஓடவிட்டு ஒவ்வொன்றின் வாயிலும் விரலைக் காட்டினால் தெரியும், ஒன்றில் காற்று வெளியே வரும், மற்ற இரண்டும் இழுக்கும். இழுப்பவற்றில் ஒன்றை அடைத்துவிட்டு, மற்றதில் கனமான ஓஸ் மாட்டுங்கள். கம்ப்ரசரோடு வந்த ரிலேயும் ஓவர்லோடும் அப்படியே இருக்கட்டும்.

பாத்திரத்துக்குக் கனமான உலோகச் சட்டி ஒன்று, மேலே 20 மில்லிமீட்டர் கனத்தில் அக்ரிலிக் மூடி, நடுவில் ரப்பர் வளையம். இவ்வளவு கனமான மூடி எதற்கு என்று என் உதவியாளர் கேட்டார். 30 சென்டிமீட்டர் அகல மூடியின்மேல் எங்கள் ஊர்க் காற்று ஏறத்தாழ 700 கிலோ பாரத்தை ஏற்றுகிறது. பத்துப் பேர் ஏறி நிற்பது போல! வழக்கமாக அதே காற்று உள்ளிருந்தும் தாங்கிப் பிடிப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. பம்பு உள்காற்றை வெளியேற்றியதும் வெளிக்காற்றின் முழு பாரமும் மூடியில் இறங்குகிறது. கண்ணாடிப் பாத்திரம், மெல்லிய டப்பா எதையும் நம்பாதீர்கள்.

இனிமேல் நடப்பதுதான் எனக்கு உயிர். கலந்த ரப்பரை உள்ளே வைத்து ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஒன்றும் தெரியாது. வேக்கம் கேஜின் முள் 20ஐத் தாண்டும்போது மேற்பரப்பு நெளியும். 25ஐ நெருங்கினால் அடுப்பில் வைத்த பால் போல ரப்பர் பொங்கி எழும், மூன்று மடங்கு, நான்கு மடங்கு! அதனால்தான் டப்பாவில் கால்வாசிக்கு மேல் ஊற்றக் கூடாது. பிறகு அத்தனை குமிழும் ஒன்றாக உடைந்து, சட்டென்று அடங்கிவிடும். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை.

முள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஊட்டியில் ரெசின் சிலை வார்க்கும் தம்பி ஒருவர், “அண்ணா, உங்களுக்கு 27 காட்டுதுன்னீங்க, எனக்கு 22லயே நிக்குதே” என்று வருத்தப்பட்டார். வளையத்தை மாற்றி, ஆயிலை மாற்றி, கடைசியில் கம்ப்ரசரையே மாற்றிவிட்டாராம். பாவம், முதல் கம்ப்ரசரிலேயே ஒரு குறையும் இல்லை. அந்தக் கேஜ் பாதரச அங்குலக் கணக்கு. கடற்கரையில் காற்றழுத்தமே 29.9 அங்குலம். கோவை சுமார் 400 மீட்டர் உயரம், இங்கே 28.5தான். ஊட்டியோ 2,200 மீட்டருக்கும் மேலே. அங்கே இருப்பதே ஏறக்குறைய 23. அதில் 22ஐ எடுத்துவிட்டதென்றால் எவ்வளவு நல்ல கம்ப்ரசர்! மலைமேல் இருக்கும் நேயர்களே, உங்கள் ஊர்க் கணக்கை முதலில் பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜிலிருந்து திரும்பி வரும் கேஸ்தான் கம்ப்ரசரின் மோட்டாரைக் குளிர வைப்பது. வேக்கத்தில் அது வராததால் சூடேறும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். மறுபடி ஓட்டும் முன் காற்றை உள்ளே விடுங்கள். தள்ளும் குழாயில் ஆயில் கசிந்து வரும், ஒரு பாட்டிலில் பிடித்து அளவைச் சரிபாருங்கள். பெட்ரோல், தின்னர் பக்கத்திலேயே வேண்டாம். பிரிட்ஜுக்கு கேஸ் ஏற்றும் முன் ஈரத்தை எடுக்கவும் இதை நம்பாதீர்கள், அதற்கு இந்த வேக்கம் போதாது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பிரிட்ஜ் எடைக்குக் காத்திருக்கலாம். கம்ப்ரசர் ஓடுகிறதா என்று ஒரு முறை காது கொடுத்துக் கேளுங்கள். ரப்பர் பொங்கி அடங்கும் அந்தக் காட்சி உங்கள் பட்டறையிலும் நடக்கட்டும்.