யானைப் பெட்டியில் இரண்டு சீட்டு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் ஆய்வு பம்பாய் நகரத் தொகுதிகளின் தேர்தல் வரலாறு பற்றியது. திருநெல்வேலிக்காரிக்கு பம்பாயில் என்ன வேலை என்று நேர்முகத் தேர்விலேயே கேட்டார்கள். தாத்தாதான் காரணம். ஊரில் கூலிக்குப் போகப் பிடிக்காமல் பதினெட்டு வயதில் ரயிலேறி, தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்படிப் போன குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். வயதான பிறகு ஊர் திரும்பியவர், எங்களிடம் ஒரே ஒரு பெருமையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "ஏட்டி, நான் அம்பேத்கருக்கு ஓட்டுப் போட்டவன்லா. ரெண்டு சீட்டு குடுத்தாங்க. ரெண்டையும் யானைப் பெட்டியிலதான் போட்டேன்."

இரண்டு ஓட்டு என்பதைச் சின்ன வயதில் தாத்தாவின் அளப்பு என்றே நினைத்தேன். ஆய்வுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த இரண்டில் ஒன்று செல்லாமல் போயிருக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

1952 தேர்தலில் மக்களவைக்கு 489 இடங்கள், ஆனால் தொகுதிகள் 401 மட்டுமே. 86 தொகுதிகளில் இரண்டிரண்டு உறுப்பினர்கள், வட வங்காளத்தில் ஒரு தொகுதிக்கு மூன்று பேர். இரட்டை உறுப்பினர் தொகுதிகள் பெரும்பாலும் ஓரிடம் பொது, மற்றொன்று பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. தொகுதியில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டு வாக்குகள். சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் அவருடைய சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய காளைகள், சோசலிஸ்ட் கட்சிக்கு மரம், அண்ணலின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு யானை. இரண்டு சீட்டையும் இரண்டு பெட்டிகளில் போட வேண்டும். ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் எண்ணப்படும்.

பம்பாய் மாநகரம் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வடக்கு இரட்டை உறுப்பினர் தொகுதி. பரேல், தாதர், மாட்டுங்கா, தாராவி என்று ஆலைத் தொழிலாளர்களும் சேரி மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த அண்ணல் இங்குதான் நின்றார். பொது இடத்துக்கு அவரோடு கூட்டணியாக நின்றவர் சோசலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தா. எதிரில் காங்கிரசின் வி.பி. காந்தியும், ஒதுக்கப்பட்ட இடத்துக்கு நாராயண் கஜ்ரோல்கரும். கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து எஸ்.ஏ. டாங்கே. முடிவு உங்களுக்குத் தெரியும். கஜ்ரோல்கர் ஏறக்குறைய 1,38,000, அண்ணல் 1,23,576. பதினான்காயிரத்துச் சொச்சம் வாக்குகளில், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் முதல் பொதுத்தேர்தலில் தோற்றார்.

நம் மேடைகளில் இந்தத் தோல்வியை இரண்டு விதமாகச் சொல்கிறோம். காங்கிரஸ் சூழ்ச்சி என்பது ஒன்று. டாங்கே துரோகம் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. அண்ணலும் மேத்தாவும் சேர்ந்து தேர்தல் மனு போட்டார்கள். 74,333 வாக்குச்சீட்டுகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டன, இரண்டாவது வாக்கை வீணாக்கும்படி டாங்கே தரப்பு பிரச்சாரம் செய்தது என்பது குற்றச்சாட்டு. மனு தள்ளுபடியானது. ஆனால் அந்தக் குவியலை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் சீட்டுதான் கண்ணில் வருகிறது. டாங்கே சொல்லி அவர் அப்படிச் செய்யவில்லை. "அவருக்குப் போடுறதுக்கு இன்னொருத்தனுக்கு ஏன் போடணும்" என்று, பிரியத்தால் செய்தார்.

அந்தப் பிரியத்தின் விலை என்ன? அது அண்ணலை வீழ்த்தவில்லை, ஒரு சீட்டு எண்ணப்பட்டுவிட்டது. வீணானது மேத்தாவுக்குப் போயிருக்க வேண்டியது. மேத்தா 1,39,741 வாக்குகள் பெற்று, 1,49,138 பெற்ற வி.பி. காந்தியிடம் 9,397 வாக்குகளில் தோற்றார்.

சரி, மறுபக்கம்? மேத்தாவின் பெட்டியில் விழுந்ததைவிட அவருடைய கூட்டாளியான அண்ணலின் பெட்டியில் 16,165 சீட்டுகள் குறைவு. அண்ணல் தோற்ற வித்தியாசத்தைவிட இது அதிகம். ஒரு கழித்தல் கணக்கை வைத்துக்கொண்டு யார் யாருக்குப் போட்டார்கள் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் மரத்துக்கு ஒரு சீட்டைப் போட்டுவிட்டு இரண்டாவதை யானையிடம் கொண்டுபோகக் கை வராதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். காங்கிரசிலும் காந்திக்கும் கஜ்ரோல்கருக்கும் இடையே சுமார் 11,000 வித்தியாசம். ஆக, காங்கிரசின் தலித் வேட்பாளருக்கும் இதே கதிதான், அளவுதான் சற்றுக் குறைவு. கஜ்ரோல்கரை இன்று கேலிப் பெயர்களில் அழைத்துப் பதிவு போடும் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் கசக்கும். 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரட்டை வாக்குரிமை தந்தது. ஒன்று நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க, மற்றொன்று பொதுத்தொகுதியில் சாதி இந்துவும் நம்மிடம் வந்து கேட்க. காந்தியின் உண்ணாவிரதம், புனா ஒப்பந்தம், அது போயிற்று. ஒதுக்கீட்டு இடங்களின் எண்ணிக்கை கூடியது, ஆனால் அந்த இடத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள் என்றானது. அப்படியும் 1937இல் அண்ணல் வென்றார். பைக்குல்லா - பரேல் தொகுதியில், காங்கிரஸ் நிறுத்திய கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவுக்கு எதிராக 13,245க்கு 11,225. பாலுவும் தீண்டப்படாத சாதியில் பிறந்தவர்தான். அன்று பம்பாய் மாகாணத்தில் குவிப்பு வாக்கு முறை இருந்தது. உங்களுக்கு எத்தனை வாக்குகள் உண்டோ அத்தனையையும் ஒரே வேட்பாளருக்குக் கொட்டலாம். தாத்தா 1952இல் செய்தது 1937இல் செல்லுபடியாகும் வாக்கு!

அதை முடித்துவைத்தது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குக்கு மேல் தரக்கூடாது என்றது அதன் 63ஆவது பிரிவு. அண்ணல் சட்ட அமைச்சராக இருந்தபோதே நிறைவேறிய சட்டம் அது. அமைச்சரவையில் அவருடைய கை எந்த அளவுக்குக் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் எஸ். நாகப்பா, தனித்தொகுதியில் வெல்பவர் பட்டியல் சாதியினரின் வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். 1947 ஆகஸ்டில் அதையும் அவர் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அதே இரட்டைத் தொகுதி, அதே கூட்டணி. இந்த முறை மேத்தா வென்றார். அண்ணல் தோற்றார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கதையை இங்கே நிறுத்தி, கூட்டணியே வேண்டாம் என்று எழுந்து போகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1957க்கு வாருங்கள். அண்ணல் மறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராட்டிய மாநிலம் கேட்டு சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சூடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அதே ஆலைப் பகுதிகளை உள்ளடக்கிய பம்பாய் மத்தியத் தொகுதி, அதுவும் இரட்டைத் தொகுதிதான். வென்ற இருவர் யார் தெரியுமா? பொது இடத்தில் எஸ்.ஏ. டாங்கே. ஒதுக்கப்பட்ட இடத்தில் கூட்டமைப்பின் ஜி.கே. மனே. ஐந்தாண்டுகளுக்கு முன் யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினோமோ அவரும் நம்மவரும் ஒரே அணியில் நாடாளுமன்றம் போனார்கள். 1952இன் கூட்டணி தலைவர்களுக்கு இடையே கையெழுத்தான ஒன்று. 1957இல் மராட்டா தொழிலாளியும் மகர் தொழிலாளியும் ஒரே ஊர்வலத்தில் தடியடி பட்டிருந்தார்கள். சாதி அதனால் ஒழிந்துவிடவில்லை, ஆலையில் நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டும் என்பதால் மகர்களை நெசவுப் பிரிவுக்குள் விடாத காலம் பலருக்கும் நினைவிருந்தது. ஆனாலும் சீட்டு பெட்டி மாறிப் போய் விழுந்தது.

அதே தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடியினரே வென்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, பழங்குடி வேட்பாளர் பொது இடத்தையும் வெல்லலாம் என்று தீர்ப்பானது. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் வந்தது. அண்ணல் தோற்ற முறையில் ஒன்பதாண்டுகள் யாருக்கும் குறை தெரியவில்லை.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1974 ஜனவரியில் இதே ஆலைப் பகுதியில் இடைத்தேர்தல். தலித் பேந்தர்கள் எந்தப் பெட்டியும் வேண்டாம், புறக்கணியுங்கள் என்றார்கள். வொர்லியில் கலவரம் மூண்டது, பேந்தர் ஊர்வலத்தின் மீது மாடியிலிருந்து எறியப்பட்ட கல் பட்டு பகவத் ஜாதவ் என்ற இளைஞர் இறந்தார். காங்கிரஸ் தோற்றது, வென்றவர் டாங்கேயின் மகள் ரோசா தேஷ்பாண்டே. 1998இல் வடமத்திய மும்பையில், பொதுத்தொகுதியில், குடியரசுக் கட்சியின் ராம்தாஸ் அதாவலே காங்கிரஸ் கூட்டணியில் வென்றார். இன்று அவர் எந்த அணியில் அமைச்சர் என்பது வேறு சோகம். 2024இல் அதே பெயர் கொண்ட தொகுதியை வென்ற வர்ஷா கெய்க்வாட் தாராவியிலிருந்து சட்டமன்றம் போனவர், தலித் பெண். மும்பையின் ஆறு மக்களவைத் தொகுதிகளில் இன்று ஒன்றுகூட தனித்தொகுதி இல்லை.

கேள்வி நேரத்தில் நீங்கள் கேட்கப் போவதை நானே கேட்டுக்கொள்கிறேன். இப்போது ஆளுக்கு ஒரு வாக்குதானே, இந்தப் பழைய பெட்டிக் கணக்கு எதற்கு? தோழர்களே, இரண்டாவது சீட்டு எங்கும் போய்விடவில்லை. நம் கட்சி கூட்டணியில் ஒரு தொகுதி வாங்கும்போது, அங்கே பெரிய கட்சிக்காரர் கையில் இருப்பது அந்தச் சீட்டுதான். அவருடைய தெருவில் நம் சின்னத்துக்குச் சுவர் பிடிக்கிறார்களா, வேட்பாளரின் வண்டி உள்ளே போகிறதா என்பதையெல்லாம் நாம் தேர்தல் வாரத்தில் பார்க்கிறோம், முடிவு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் படிவம் 20 என்று மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்கள் தொகுதிக்கு அதை இறக்கிக்கொள்ளுங்கள். நம் வேட்பாளர் நின்ற தேர்தலையும், அதே கூட்டணியின் பெரிய கட்சி வேட்பாளர் நின்ற தேர்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தச் சாவடி ஊர்த்தெரு, எந்தச் சாவடி சேரி என்று படிவத்தில் இருக்காது, அது உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சாவடியாகக் கழித்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளோடு வாருங்கள், நானும் எங்கள் ஊர்த் தாளைக் கொண்டு வருகிறேன்.