மண் வளமும் தலைவிதியும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி விவசாயத் தோழர்களிடையே பேசியதின் சுருக்கம்)



மகசூல் குறைந்தால் நம்மவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று தலைவிதி; மற்றொன்று பூமாதேவியின் கோபம். முன்னதற்கு ஜோசியனுக்கும், பின்னதற்குப் பூசாரிக்கும் பணம் போகிறது. மீந்தது யூரியாக் கடைக்குப் போகிறது. இவர்களில் எவராவது ஒரு செடியைப் பிடுங்கி அதன் வேரைப் பார்த்ததுண்டா என்று கேட்கிறேன்.

நீங்கள் பாருங்கள். நம் கரிசலில் பூக்கும் பருவத்து உளுந்துச் செடியை வேர் அறாமல் எடுத்துக் கழுவினால் சிறு முடிச்சுகள் தெரியும். கிள்ளினால் உள்ளே சிவந்திருக்கும். சிவந்திருந்தால் அது வேலை செய்கிறதென்று அர்த்தம். அதனுள் குடியிருப்பவை ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள். காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். ஆயினும் எந்தப் பயிரும் அதை நேரே உண்ணமாட்டாது. இவை அதைத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. இங்கே தட்சிணையும் இல்லை, தரகனும் இல்லை. 1888-ல் பெய்ஜெரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி இக்கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் இம்முடிச்சு கிடையாது. அவற்றுக்கு இடும் யூரியாவை மண்ணிலுள்ள வேறு கிருமிகள் நைட்ரேட்டாக மாற்றிவிட, ஒரு பெரும்பங்கு நீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. நஷ்டம் யாருக்கு? கடன் வாங்கிப் போட்டவனுக்கே! ஒருவகைக் காட்டுப் புல்லின் வேர் அக்கிருமிகளின் வேகத்தைத் தடுக்கும் பொருளைக் கசியவிடுகிறது. ஜப்பானிலும் மெக்சிகோவிலுமுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் அக்குணத்தைக் கோதுமைக்கு ஏற்றி, 2021-ல் அம்முடிவை வெளியிட்டனர். இது மந்திரத்தால் ஆனதல்ல. வேரைத் தோண்டிப் பார்த்ததால் ஆனது.

நாம் அந்தக் கோதுமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பயறுக்கு ரைசோபியமும் நெல்லுக்கு அசோஸ்பைரில்லமும் வேளாண்மை விரிவாக்க மையங்களில் விற்கிறார்கள். ஆறின கஞ்சியில் கலந்து பயறு விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதையுங்கள். நெல்லானால் நாற்றின் வேரைக் கரைசலில் நனைத்து நடுங்கள். மக்கின தொழுவுரமும் போடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அதுவே ஆகாரம்.

யூரியாவை இன்றே அடியோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்லவரவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பவும் வேண்டாம். ஒரு பாத்திக்கு இட்டு, மறு பாத்திக்கு இடாமல் விட்டு, இரண்டின் விளைச்சலையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஜோசியனின் பேச்சை இப்படி நிறுத்துப் பார்க்க அவன் சம்மதிப்பானா?