பழைய விசைப்படகைச் செப்பனிடுதல்



ஆறு கடக்கும் மர விசைப்படகு பழுதுற்றால், புது இயந்திரம் வாங்குவதைப் பற்றியே நாம் முதலில் பேசுகிறோம். இயந்திரத்தைத் தாங்கும் சட்டங்கள் இற்றுப்போயிருப்பின், புது இயந்திரத்தின் அதிர்வே படகைக் குலைத்துவிடும். ஆதலால் முதற்செலவு மரத்திற்கே ஆகவேண்டும்.

மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீடித்தால் அது பரவும். உப்புநீரைவிட, படகினுள் தேங்கும் மழைநீரே அதற்குத் துணையாகிறது. வண்ணப்பூச்சு கேட்டை மறைக்குமேயன்றி நீக்காது. எனவே தளப்பலகைகளைக் கழற்றி, சட்டங்களைத் தட்டியும் கூர்முனையால் குத்தியும் பார்த்த பின்னரே மதிப்பீடு தயாரித்தல் நலம்.

படகின் வடிவம் மாறாதபடி வெளியே முட்டுக் கொடுத்து, பழைய சட்டத்தையே அளவாகக் கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சட்டங்களை மாற்றவேண்டும். நீண்ட சட்டத்தில் ஒட்டுப் போடுவதாயின், நல்ல மரம் தோன்றும் வரை வெட்டி, கனத்தைப்போல் 8 மடங்கேனும் நீளமுள்ள சாய்வு இணைப்பு அமைத்தல் வேண்டும். நீர் வடியத் துளைகளும் தேவை.

ஆய்வுச் சான்று பெற்ற பின்னரே மக்களை ஏற்றுவோம். மழைக்காலத்தில் படகுக்கு ஒரு கூரையும் அமைப்போம். அதில் அக்கரைக்குச் செல்வோர் நம் பிள்ளைகளே அல்லவா?